முந்நூற்றுப் பதினொரு கைகளும் நான்கு பேரும்

இதை எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில், படிப்பை நிறுத்தியவன். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைக்கு எனக்கு எப்போதும் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்தில்கூடப் பெயரை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிவிட்டு, சரியாக எழுதினார்களா என்று பார்க்காமலே நகர்ந்துவிடுவேன். இப்படிப்பட்டவனுக்கு எழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. ஆனால் இந்த விஷயத்தை எழுதக்கூடிய படித்தவர்கள் எல்லாம் அன்று மண்டபத்தில், முன்வரிசையில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எழுதமாட்டார்கள். எழுத்தில் கோபம் தெரிந்தால் அதற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

எங்கள் தீவின் லிட்டில் இந்தியாவில் ஒரு பணமாற்றுக் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்காருவது என் சுபாவத்துக்குப் பொருத்தமான வேலை. கண்ணாடியின் அடியில் இருக்கும் சின்னத் திறப்பு வழியாக ஒரு நாட்டுப் பணம் உள்ளே வரும், இன்னொரு நாட்டுப் பணம் வெளியே போகும். முகம் பார்த்துப் பேச வேண்டிய தேவை குறைவு. முதலாளி தமிழ் முஸ்லிம். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். கடை வாசலில் ஒரு பலகை உண்டு. ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் எதிரே இரண்டு விலை இருக்கும்: நாங்கள் வாங்கும் விலை, நாங்கள் விற்கும் விலை. காலையில் அதை மாற்றி எழுதுவது என் வேலை.

நானும் என் மனைவியும் பாயா தெருபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் பதினாறு வருடமாக வாடகைக்கு இருந்தோம். இரண்டு அறை, இரண்டாவது மாடி. மனைவி பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறாள். சமையலறைத் தரைக்குத் தன் சம்பளத்தில் ஓடு பதித்தாள். வாடகை வீட்டுக்கு யாராவது ஓடு பதிப்பார்களா என்று கேட்டேன். "நிக்கிறது நான்தானே" என்றாள். வீட்டின் சொந்தக்காரர் அடுத்த கட்டிடத்தில் இருக்கும் சீனக் கிழவி. மலாயில் பேசுவார், வாடகையை ஏற்றவே மாட்டார். அவர் ஒருநாள் வந்து, மகன் என்னை ஆஸ்திரேலியாவுக்கு வரச் சொல்கிறான், வீட்டை விற்கப் போகிறேன், உங்களுக்குத்தான் முதலில் தருவேன் என்று சொன்னார். முன்பணம் பத்தாயிரம் வெள்ளி, அதாவது ரிங்கிட். மாதக் கடைசிக்குள் தர வேண்டும். அந்த வீடு கைவிட்டுப் போனால், இப்போதைய வாடகைக்குத் தீவில் எங்களுக்கு இடம் கிடையாது. பாலத்தைத் தாண்டி, கடலுக்கு அந்தப் பக்கம் நிபோங் திபாலில் மனைவியின் தம்பி வீட்டுப் பக்கம்தான் போக வேண்டியிருக்கும்.

பணம் இருந்தது. ஐம்பது வயதில் சேமநிதியிலிருந்து எடுத்த பதினெட்டாயிரம் வெள்ளி. ஆனால் அது வங்கியில் இல்லை, பன்னிரண்டாயிரம் காயினாக இருந்தது.

காயின் என்றால் கையில் பிடிக்கிற காசு அல்ல. கைபேசியில் ஓர் எண், அவ்வளவுதான். அதைத் தொடங்கியவர் இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஒரு டத்தோ. டத்தோ என்பது அரசாங்கம் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டம். வீடமைப்புத் தொழில், கோயில் கருங்கல் பலகைகளில் பெயர், பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பரிசளிப்பு. கடலோர ஹோட்டல் ஒன்றில் விருந்து வைத்துக் காயினைத் தொடங்கினார். எங்கள் கட்டிடத்தில் அழகு நிலையம் நடத்தும் அக்கா ஒருவர் என்னையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். அர்ச்சகர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். டத்தோ மேடையேறி, "மத்தவங்களுக்கெல்லாம் பேங்க் இருக்கு. நமக்கு என்ன இருக்கு? அடகுக்கடை ரசீது இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "இனிமே நமக்குன்னு ஒரு காயின். இதுக்கு முதலாளி யாரு? நான் இல்ல. நீங்க. ஒவ்வொருத்தரும் முதலாளி. எந்த முடிவா இருந்தாலும் ஓட்டுப் போட்டு நீங்கதான் எடுக்கப் போறீங்க."

என்னை அதற்கு முன் யாரும் முதலாளி என்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதினெட்டாயிரத்தையும் போட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை. அதைவிட வெட்கம் இன்னொன்று. அந்தக் கைபேசித் திரையில் காயினுக்கு ஒரே ஒரு விலைதான் இருந்தது. இருபத்திரண்டு வருடமாகத் தினமும் இரண்டு விலை எழுதுகிறவன், யார் திருப்பி வாங்குவார்கள், எந்த விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்கவில்லை.

விலை ஏறியது. பாய்க்கு அது தெரிந்துவிட்டது. தினமும் காலையில் கடை திறக்கும்போது, "என்னப்பா, நேத்து ராத்திரி எத்தன வெள்ளி சம்பாரிச்ச? எனக்குக் கொஞ்சம் சம்பளம் குடு" என்பார். நான் பலகையைத் துடைப்பேன்.

சீனக் கிழவி வந்து சொன்ன அன்று மாலையே காயினை விற்கக் கைபேசியைத் திறந்தேன். விற்பனைப் பொத்தான் சாம்பல் நிறத்தில் இருந்தது. அழுத்தினால் ஓர் அறிவிப்பு வந்தது. விலையைக் காப்பாற்றுவதற்காக எல்லோருடைய காயினையும் இரண்டு வருடம் பூட்டி வைக்க ஒரு தீர்மானம் வந்திருக்கிறது, ஓட்டெடுப்பு முடியும்வரை விற்பனை நிறுத்தம், தீர்மானம் தோற்றால் அன்றே விற்பனை திறக்கும். பூட்டு எல்லோருக்கும் உண்டு. தொடங்கியவர்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் சந்தையை ஓட்ட வேண்டுமாம். ஓட்டெடுப்பு நாள் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கிழவி சொன்ன கெடு அதற்கு மறுநாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அழகு நிலைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருடைய பணமும் மாட்டியிருந்தது. ஆனால் அவர் பயந்தவராகத் தெரியவில்லை. எங்கள் வட்டாரக் கோயில் நிர்வாகத் தேர்தல்களை மூன்று தடவை ஜெயிக்க வைத்தவர் அவர்.

"தம்பி, இது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல லா. கோயில்ல நாம எப்படி ஜெயிச்சோம்? காசு சேத்தா ஜெயிச்சோம்? ஆள் சேத்து ஜெயிச்சோம்."

"அவுங்க எத்தன பேருக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"டத்தோ, அவரு மச்சினன், கூட ரெண்டு தொழில் பார்ட்னரு. மிஞ்சிப் போனா குடும்பத்தோட பத்துப் பேரு. நம்ம கைபேசிக் குழுவுலயே எம்பது பேரு இருக்காங்க. சரி, உங்க வீட்டுல எத்தன ஓட்டு?"

"ஒண்ணுதான்க்கா. என் பேர்ல" என்றேன்.

"அலாமாக்! பொண்டாட்டி பேர்ல ஏன் பிரிக்கல? மச்சான் பேர்ல ஏன் பிரிக்கல? பன்னெண்டாயிரம் காயின ஒரே ஆள் வச்சிக்கிட்டு ஒரு ஓட்டுப் போடுவீங்களா? நாலாப் பிரிங்க தம்பி, நாலு ஓட்டு."

கோயில் தேர்தலில் அப்படித்தான். ஒருவர் பெரிய நன்கொடை கொடுத்திருந்தாலும் ஒரு கைதான், வருடச் சந்தா மட்டும் கட்டியவருக்கும் ஒரு கைதான். தேர்தலுக்கு முன்னால் வீட்டிலிருக்கும் எல்லோர் பெயரிலும் சந்தா கட்டி உறுப்பினராக்குவோம். எங்களுக்குத் தெரிந்த ஓட்டு அது ஒன்றுதான். காயினுக்கான விதிமுறை ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் இருந்தது. அதை எங்களில் யாரும் படிக்கவில்லை. ஓட்டு என்றால் என்ன என்று படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்ன.

இரண்டு வாரம் அந்த வேலைதான். மனைவிக்கு ஒரு கணக்கு, அவள் தம்பிக்கு ஒன்று, தம்பி மனைவிக்கு ஒன்று. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து மூவாயிரம் மூவாயிரமாக அனுப்பினேன். விற்கத்தான் தடை, அனுப்பத் தடை இல்லை. ஒவ்வொரு தடவை அனுப்பும்போதும் கட்டணம் என்று கொஞ்சம் காயின் பிடித்தார்கள். அது தொடங்கியவர்களுக்குப் போகும். பாய் பார்த்துவிட்டு, "இந்தக் கடையில காசு மாத்துனா எனக்குக் கமிஷன் வரணும். உன் கமிஷன் எவனுக்குப்பா போவுது?" என்று கேட்டார்.

எங்களைப் போலவே எல்லா வீட்டிலும் பிரித்தார்கள். எண்பது பேர் முந்நூறைத் தாண்டினோம். அந்தப் பரபரப்பில் காயின் இடம் மாறிக்கொண்டே இருந்ததால், டத்தோவின் ஆட்கள் அதையே விளம்பரமாகப் போட்டார்கள்: பாருங்கள், எவ்வளவு பரிமாற்றம், எத்தனை புது முதலாளிகள். புது ஆட்கள் தொடங்கியவர்களிடம் வாங்கலாம், நாங்கள் விற்கக் கூடாது, அப்படி ஒரு நிறுத்தம் அது. விலை இன்னும் ஏறியது. நாங்கள் எங்கள் கைக்காசைச் செலவழித்து அவர்கள் கடைக்குக் கூட்டம் காட்டியிருக்கிறோம். அவர்கள் அதைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

அதே மாதத்தில் டத்தோ எங்கள் கடைக்கு மூன்று தடவை வந்தார். வெள்ளியைக் கொடுத்து அமெரிக்க டாலர் வாங்கினார், கட்டுக் கட்டாக. மூன்று தடவையும் நான்தான் எண்ணிக் கொடுத்தேன். அவர் எண்ணும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய விருந்தில் சாப்பிட்டவன், அவர் சொன்ன முதலாளிகளில் ஒருவன், ஒரு சாண் தூரத்தில் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டெடுப்பு அன்று அக்கா கோயில் தேர்தலுக்குச் செய்வதை எல்லாம் செய்தார். நிபோங் திபாலிலிருந்து இரண்டு வேனில் ஆட்களைக் கொண்டுவந்தார். அதில் என் மனைவியின் தம்பியும் இருந்தான். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவன். வயதானவர்களுக்குக் கடைசி வரிசையில் நாற்காலி பிடித்து வைத்திருந்தார்கள். எல்லோருக்கும் நாசி லெமாக் பொட்டலம், தேங்காய்ப்பால் சோறும் வறுத்த நெத்திலியும். மண்டபத்துக்கு வெளியே நின்று சாப்பிடும்போது அக்கா சொன்னார், "இந்தக் காயின் நெறைய வச்சிருக்கிற பணக்காரனுங்கள இங்லீஷ்ல திமிங்கலம்னு சொல்றாங்களாம்."

மைத்துனன் பொட்டலத்திலிருந்து ஒரு நெத்திலியை எடுத்துக் காட்டினான். "அப்ப நாம ஈக்கான் பிலிஸாக்கா?"

"ஈக்கான் பிலிஸ் முந்நூறு சேந்தா திமிங்கலத்துக்குத் தொண்டையில சிக்கும்டா."

"வறுத்தா சிக்காதுக்கா. மொறுமொறுன்னு போயிடும்."

எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

உள்ளே முன்வரிசைகளில் டாக்டர்கள், வக்கீல்கள், சங்கத் தலைவர்கள். அவர்களுக்குப் பூப்போட்ட குவளையில் தேநீர் போயிற்று. பின்னால் எங்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. கோட்டுப் போட்ட ஓர் இளைஞர் தீர்மானத்தை வாசித்தார். வேண்டாம் என்பவர்கள் யார் என்று அவர் கேட்பதற்குள் அக்கா எழுந்து கையைத் தூக்கினார். பின்னால் இருந்த எல்லோரும் தூக்கினோம். நானும் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில்கூட விடை தெரிந்தும் கை தூக்காதவன் நான். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணே, கைய எறக்குங்க. ஓட்டு போன்லதான்" என்றார் இளைஞர். அவர் குரலில் மரியாதை இருந்தது. சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற மாதிரியான மரியாதை.

கைபேசியில் போட்டோம். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் அழுத்திக் கொடுத்தார்கள். நான் பின்னாலிருந்து முன்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நாற்பது பேர் இருந்தார்கள். கைபேசியை எடுத்தவர்கள் நான்கு பேர்தான். டத்தோ, அவர் பக்கத்தில் அவருடைய மைத்துனர், அடுத்து இரண்டு பேர். ஆளுக்கு ஒரு தடவை அழுத்திவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்கள். மீதிப் பேரிடம் ஒரு காயின்கூட இல்லை போலிருக்கிறது. அவர்கள் சும்மா அழகுக்கு வந்தவர்கள்.

பெரிய திரையில் முடிவு வந்தது. வேண்டாம் என்ற பக்கத்தில் கணக்குகள் முந்நூற்றுப் பதினொன்று. வேண்டும் என்ற பக்கத்தில் கணக்குகள் நான்கு. எங்கள் பக்கத்திலிருந்து விசில் பறந்தது. யாரோ நாற்காலியைத் தட்டினார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. வேண்டும்: நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. தீர்மானம் நிறைவேறியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. அக்காதான் எழுந்து கத்தினார். "இது எப்படி? முந்நூறு பேரு வேணாங்கிறோம். நாலு பேரு வேணுங்கிறான். எவன்யா கணக்குப் பாத்தது?"

"அக்கா, இது கோயில் தேர்தல் இல்ல. ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு இல்ல, ஒரு காயினுக்கு ஒரு ஓட்டு" என்றார் இளைஞர். "விதிமுறையில இருக்கு."

"அப்ப அந்த நாலு பேர்கிட்டயா எல்லாக் காயினும் இருக்கு?"

"பேர் சொல்ல முடியாதுக்கா. கணக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்."

"அன்னிக்கு எல்லாரும் முதலாளின்னு சொன்னீங்களேடா!"

"எல்லாரும் முதலாளிதான்" என்றார் அவர். "கொஞ்சம் கூடக் கொறைய."

என்னிடம் பன்னிரண்டாயிரம் ஓட்டு இருந்திருக்கிறது. அதை நான்கு துண்டாக வெட்டி, வெட்டியதற்குக் கூலியும் கொடுத்து, நான்கு ஓட்டு வைத்திருக்கிறேன் என்று இரண்டு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வெட்டாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. நாங்கள் வெட்டினாலும் கூடினாலும் வேனில் வந்தாலும் நடந்து வந்தாலும் அந்த நான்கு பேர் முதல் நாளே முடிவு செய்துவிட்டார்கள். பிறகு எதற்கு மண்டபம், எதற்கு ஓட்டு? எங்களை உட்கார வைத்து, எங்கள் கையாலேயே எங்கள் கழுத்தில் மாலை போட வைத்தார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவன்கூடப் பரவாயில்லை. அவன் நம்மைப் பார்த்து நீதான் முதலாளி என்று சொல்வதில்லை.

சாப்பாடு போட்டார்கள். பாதிப் பேர் சாப்பிடாமல் போனார்கள். மைத்துனனை ஏற்றிப் போகும் வேன் வரவில்லை, அதனால் நாங்களும் அவனோடு சுவர் ஓரமாக நின்றோம். டத்தோ கைகூப்பியபடி ஒவ்வொரு மேசையாக வந்தார். "சாப்பிட்டீங்களா? சாப்பிடுங்க." எங்களிடம் வந்தபோது, நான் வாய் திறந்தேன். எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை.

"டத்தோ, என்னோடத மட்டும் வித்துக் குடுங்க. நாளைக்கு வீட்டுக்கு முன்பணம் கட்டணும். இல்லன்னா வீடு போயிரும்."

"ரெண்டு வருஷம் பொறுத்துக்க தம்பி. ஒரு வீடு என்ன, ரெண்டு வீடு வாங்கலாம்."

"இந்த மாசம் எங்க கடையில மூணு தடவ டாலர் வாங்குனீங்க. அது எத வித்த காசு டத்தோ?"

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. என் தோளில் கை போட்டு, காதருகில் குனிந்தார். "பாய் கடையா நீ? கஸ்டமர் விஷயத்த வெளிய பேசுறியே, பாய்க்குத் தெரியுமா?"

அவர் சொன்னது சரி. எங்கள் தொழிலில் யார் எவ்வளவு மாற்றினார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லக் கூடாது. இருபத்திரண்டு வருடத்தில் அன்றுதான் முதல் தடவை சொன்னேன். அவர் பணம் எங்கே போகிறது என்பது ரகசியம், அதை நான் காக்க வேண்டும். என் பணம் எங்கே போயிற்று என்பதும் ரகசியம், அதையும் அவருக்காக நானே காக்க வேண்டும். அந்தக் கை தோளிலேயே இருந்தது.

"கைய எடுங்க" என்றாள் என் மனைவி.

"என்னம்மா?"

"அவரு தோள்லேருந்து கைய எடுங்க."

எடுத்தார். அடுத்த மேசைக்குப் போய், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

பஸ்ஸில் வீடு திரும்பினோம். மனைவி சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஆயர் ஈத்தாம் தாண்டியதும் கேட்டாள். "அந்தக் கெழவிகிட்ட யாரு சொல்றது? நீங்களா, நானா?"

"நான் சொல்றேன்."

"நீங்க எங்க சொல்லப் போறீங்க" என்றாள். பிறகு, "சமையக்கட்டுல அந்த ஓட்ட பேத்து எடுத்துட்டுப் போக முடியுமா?" என்று கேட்டாள். முடியாது, உடைந்துவிடும் என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் அடுத்த கட்டிடத்துக்குப் போய், முன்பணம் கட்ட முடியவில்லை என்று கிழவியிடம் நானே சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். பாய் எதுவும் கேட்கவில்லை. காயின் விலை சற்று ஏறியிருந்தது. பிற்பகலில் கிழவி வேறொருவரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, வீட்டைக் காலி செய்ய எங்களுக்கு இரண்டு மாதம் அவகாசம் கொடுத்தார்.